பிஸ்கட் டின்னில் வண்டியை விற்ற அம்மையாருக்கு

அன்பின் ஆழியே! அறத்தின் ஆணிவேரே! ஏலத்தின் ஏந்தலே! எளியோர்க்கு ஏணியே! முப்பத்தோராண்டு முழங்கிய முரசே! மூன்றாம் தரம் சொல்கையில் மூச்சையும் நிறுத்தி மன்றம் கேட்கும் முத்திரைக் குரலே! வாடிய முகங்களுக்கு வண்டி தந்த வள்ளலே!

அவையோரே, இப்படித்தான் இந்தப் பணிநிறைவு மடலைத் தொடங்கினோம். மரபு என்று ஒன்று இருக்கிறதே! கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகும் மடலில் ஓர் ஆழியும் ஓர் ஏணியும் இல்லாவிட்டால் ஆணி அடித்தவருக்கே அவமானம். எனவே அடுக்குமொழியில் மூன்று பக்கம் எழுதினோம். எழுதிய கையோடு, பிழை திருத்துவதற்காக, வழக்கம்போல அவருடைய மேசையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டோம். இந்தச் சங்கத்தில் எழுதப்படும் எந்தத் தாளும் முப்பத்தோராண்டாக அவர் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை. பாராட்டு யாருக்கு, பிழை பார்ப்பது யார் என்று யோசிக்கவே மறந்துபோனோம்.

மறுநாள் காலை தாள்கள் சிவப்பு மையோடு திரும்பி வந்தன. ‘ஆழியே’ என்ற இடத்தில் “யார் இவர்?” என்று ஒரு கேள்வி. ‘முரசே’க்குப் பக்கத்தில் “தொண்டை கட்டின நாளையும் சேர்த்தா?” என்று இன்னொரு கேள்வி. ‘வள்ளலே’ முழுக்க அடிக்கப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், பேசுவதுபோலவே எழுதியிருந்தார்: “என்னை நிறுத்தி வெச்சு ‘நீங்க, நீங்க’ன்னு புகழ்ந்தா பாதியில எழுந்து போயிடுவேன். சங்கத்தோட கதையைச் சொல்லுங்க. அதுல நான் எங்கயாவது ஓரமா நிப்பேன். ஒற்றுப்பிழை நாலு இருந்துச்சு, திருத்திட்டேன்.”

ஓரமாக நிற்பாராம்! கல்யாண வீட்டில் மணப்பெண் ஓரமாக நிற்பதுபோல! ஆனாலும் சொன்னால் செய்பவர். எழுந்து போய்விட்டால் மாலையை யார் கழுத்தில் போடுவது? ஆகவே அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதே தெரியாததுபோல, கதையை உங்களுக்குச் சொல்கிறோம். அவர் காதில் விழுந்தால் விழட்டும்.

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு சலவைக்கடையின் பின்னறையில், சுடச்சுட நின்ற இஸ்திரிப் பெட்டிக்கும் மடித்து வைத்த சட்டைகளுக்கும் நடுவே இந்தச் சங்கம் பிறந்தது. சலவைக்கடைக்காரரின் தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்யும் அந்த மருத்துவமனையோ இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். ஒரு நாள் இரண்டாவது பஸ் வரவில்லை. தங்கை பிழைத்தது மறுபிறப்பு. அன்று மாலை அண்ணன் கடையைச் சாத்திவிட்டுத் தபால்காரரையும் நர்சம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, “இனிமே இந்த ஊர்ல யாரும் பஸ்ஸை நம்பி உயிரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கக்கூடாது. நமக்குன்னு ஒரு வண்டி வேணும்” என்றார்.

வேண்டும் என்றால் வந்துவிடுமா? முதல் ஏழு ஆண்டுகள் எங்கள் முன்னோர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைகளில் உண்டியல் வைத்தார்கள். அவற்றில் சட்டைப் பொத்தான்கள் விழுந்தன. இசை நிகழ்ச்சி வைத்தார்கள். பாடகரின் உறவினர்கள் மட்டும் வந்து, அவர்களும் பாதியில் எழுந்து போனார்கள். ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், கொடியசைத்துத் தொடங்கி வைத்த தலைவர் உற்சாகம் தாங்காமல் தாமும் நாலடி ஓடி, கால் பிசகி, ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். கடைசியில் தபால்காரர்தான் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். காசு கேட்டால் கதவைச் சாத்துகிறவர்கள், பழைய பொருள் கேட்டால் பரணையே கவிழ்த்துக் கொடுக்கிறார்கள்! வாங்கி வந்து ஏலம் போட்டால் என்ன?

அந்த ஏழாம் ஆண்டில்தான் சங்கத்துக்குத் தட்டச்சு செய்ய ஒரு பெண் வந்து சேர்ந்தார். அப்பா மீன் சந்தையில் ஏலம் கூறுபவர். அந்த வீட்டில் உப்பு வேண்டும் என்றாலும் “உப்பு, உப்பு, உப்பு யாரு?” என்றுதான் குரல் கேட்குமாம். அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கவே தட்டச்சு படித்தவர் இவர். நேர்காணலில் தலைவர், “உனக்கு என்னம்மா தெரியும்?” என்று கேட்டதற்கு, “பேசாம இருக்கத் தெரியும் சார்” என்று பதில் சொன்னார். அந்தப் பதிலுக்காகவே வேலை கொடுத்தார்கள்.

என்னே எங்கள் முன்னோரின் முன்யோசனை! முதல் ஏலத்துக்கென்று கூட்டிவந்த ஆளுக்கு மூன்றாவது பொருளிலேயே தொண்டை போய்விட்டது. மேசை மேல் ஒரு நாற்காலி. அதற்கு மூன்றே கால்கள். கூட்டம் சிரித்தது, கலையவும் தொடங்கியது. அப்போது தட்டச்சுப் பொறிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது: “மூணு கால் நாற்காலி! நாலாவது கால் உங்க வீட்டுச் சுவரு! சுவரு இருக்கற வீட்டுக்காரங்க கையைத் தூக்குங்க!” கைகள் எழுந்தன. நாற்காலி போனது. அன்றிலிருந்து, மாதக் கடைசிச் சனிக்கிழமை பிற்பகல் என்றால் இந்த மன்றத்தில் அந்தக் குரல்தான். அவருடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. ஏலம் போடும் அக்கா எல்லோருக்கும் ஏலக்கா ஆகிவிட்டார்.

ஏலம் தொடங்கிய மூன்றாம் ஆண்டில் வண்டி வந்தது. புதியதல்ல, ஆனால் பதினொரு பேர் உட்காரலாம். நடுக்கதவு பூட்டாது, கீழ்ப்பக்கம் ஓர் உதை விட்டால் திறக்கும், மறுபடி ஓர் உதை விட்டால் மூடும். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு டிரைவர் அண்ணன் அதைக் கிளப்பினால் தெருவில் அலாரம் வைக்காதவர்களும் எழுந்துகொள்வார்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஏலக்கா ஒரு தாளில் தட்டச்சு செய்து வண்டிக்குள் ஒட்டியிருந்தார். முட்டி மடங்காதவருக்கு முன்சீட்டு, குமட்டல் உள்ளவருக்கு ஜன்னலோரம், தையல்காரருக்குக் கதவோரம். தையல்காரர் கதவோரம் இருந்தால்தான் அவரால் வழியில் போகிறவர்களின் சட்டையில் குறை சொல்ல முடியும்.

இனிச் சங்கத்தின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். சலவைக்கடைக்காரர் தம் கையாலேயே இந்தச் சுவரில் எழுதியது: ‘மேசை ஏறியது ஏலம் ஏறியது. மூன்றாம் தரம் முடிந்தது முடிந்தது.’ கொடுத்த பொருள் தமக்குப் பிடிக்காதவர் கைக்குப் போகிறது என்றதும் திருப்பிக் கேட்டு ஒரு காண்ட்ராக்டர் செய்த ரகளையால் வந்த சட்டம் அது. அதற்குத் தப்பியவர் யாருமில்லை. ஒருமுறை தலைவர் முகம் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். துடைத்து முடிப்பதற்குள் மூன்றாம் தரம் முடிந்திருந்தது. அது தபால்காரருக்குப் போனது. அவர் அதை மாட்டிக்கொண்டு மாலை முழுவதும் தலைவர் எதிரிலேயே உலாத்தினார். தலைவர் எவ்வளவோ கெஞ்சினார், ஏலக்கா மசியவில்லை.

இந்த நாணயத்தின் மேல்தான் ஏலக்கா தம் பெரிய வித்தையைக் கட்டினார். மூடி போட்ட பாத்திரங்கள்! நர்சம்மா தனியறையில் ஜாடிக்குள்ளும் டப்பாவுக்குள்ளும் எதையாவது போட்டு மூடி வைப்பார். ஒன்றில் தோடு, ஒன்றில் மிட்டாய், ஒன்றில் வெறும் நூல்கண்டு. எதில் என்ன என்று ஏலக்காவுக்கே தெரியாது. கையில் எடுத்துக் குலுக்கி, “உள்ள இருக்கறதோட சேர்த்து!” என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான், மன்றம் எழுந்து நிற்கும். ஒரு ஜாடிக்குள் டாக்டர் ஒருவர் சைக்கிள் சாவி போட்டிருந்தார். “சாவி யார் கையில இருக்கோ, வண்டி அவங்களுக்கு!” என்று ஏலக்கா அறிவிக்க, அதை எடுத்த தையல்காரர் சைக்கிளில் ஏறி மன்றத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லோரும் கை தட்டினோம். அந்தக் கைதட்டலுக்கு ஒரு வருஷம் கழித்து வட்டி கட்டினோம்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சனிக்கிழமை அது. அந்த வாரம் மன்றத்துக்கு வெள்ளையடித்தார்கள். சுவரிலிருந்த ஆணியெல்லாம் பிடுங்கியிருந்தது. வண்டிச் சாவி மாட்டும் ஆணியும் போயிருந்தது. டிரைவர் அண்ணன் சாவியோடு மன்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெஞ்சில் ஒரு காலி பிஸ்கட் டின் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அதில் போட்டு, அழுத்தி மூடிவிட்டு, டீ குடிக்கப் போனார். பெஞ்சில் இருந்ததையெல்லாம் தொண்டர்கள் வாரி மேசைக்குக் கொண்டுபோனார்கள். அதுதானே அவர்கள் வேலை!

ஏலக்கா டின்னை எடுத்தார், குலுக்கினார், ‘கிலுக்’ என்றது. “சத்தம் கேக்குதா? உள்ள இருக்கறதோட சேர்த்து!” அன்று அதைக் கேட்டவர் பழைய இரும்புக் கடைக்காரர். எதைப் பார்த்தாலும் எத்தனை கிலோ வரும் என்று கேட்பவர் என்பதால் அவருக்குத் ‘தராசு’ என்று பெயர். திருகாணி போட்டு வைக்க ஒரு டின் தேவைப்பட்டதாம். போட்டிக்கு யாரும் இல்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! தராசு அங்கேயே நின்று மூடியைத் திறந்தார். சிவப்புக் கயிறும் ‘சங்க வண்டி’ என்ற அட்டையும் கட்டிய சாவி வெளியே வந்தது. வாசலில் டிரைவர் அண்ணன் கையிலிருந்த டீ கிளாஸ் கீழே விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“சாவியைத்தான் வித்தோம், வண்டியை விக்கல!” என்று தலைவர் குதித்தார்.

“அப்படிங்களா? சாவி யார் கையில இருக்கோ வண்டி அவங்களுக்குன்னு அக்கா சொன்னப்ப, நீங்கதானே முதல்ல கை தட்டினீங்க?” என்றார் தராசு.

அவருக்குப் பழைய கோபம் ஒன்று இருந்தது. முந்தைய ஆண்டு, “இந்த ஓட்டை வண்டியை எடைக்குப் போடுங்க, நான் எடுத்துக்கறேன்” என்று கேட்டு வந்தவரை, ஏலக்கா நாலு பேர் நடுவில், “முதல்ல நீங்க ஏறி நில்லுங்க, உங்க எடையைப் பாக்கலாம்” என்று கேலி செய்து அனுப்பியிருந்தார். ஊர் சிரித்ததை அவர் மறக்கவில்லை. “அன்னிக்கு விலைக்குக் கேட்டேன், சிரிச்சீங்க. இன்னிக்குத் தகர விலைக்குக் கெடைச்சிருக்கு. திங்கக்கிழமை பத்து மணிக்குப் பிரிச்சுப் போட்டுடறேன், வந்து பாருங்க” என்றார்.

தலைவர் ஏலக்காவைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். “அம்மா, தப்பு நடந்துடுச்சு, இந்த ஏலம் செல்லாதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. உன்னை யாரும் குறை சொல்ல மாட்டாங்க.”

“உங்க கண்ணாடிக்கு நீங்க கெஞ்சினப்ப சொன்னோமா சார்?”

“அது கண்ணாடி! இது பதினோரு உயிரும்மா!”

 ஏலக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “மூடியைத் திறந்து பாக்காம வாங்கறாங்களே சார், டப்பாவை நம்பியா வாங்கறாங்க? நம்மளை நம்பி வாங்கறாங்க. நமக்கு வலிக்குதுன்னதும் வார்த்தையை மாத்தினா, அடுத்த மாசம் இந்த மேசைக்கு யாரு வருவா? அப்ப வண்டி இருந்தும் டீசலுக்கு எங்க போவீங்க?”

“திங்கக்கிழமை காலைல பதினோரு பேரும் வாசல்ல வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?”

“என்கிட்ட விடுங்க” என்றார் ஏலக்கா. அப்படிச் சொன்னபோது அவரிடம் எந்த யோசனையும் இல்லை. அதை அவரே பிற்பாடு எங்களிடம் ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்து, எல்லோர் முன்னிலையிலும், “ஏலம் ஏலம்தான். வண்டி உங்களோடது” என்று தராசிடம் சொன்னார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு அவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்தது என்பதை அப்போது நாங்கள் அறியவில்லை. தராசு வண்டியைத் தம் கடை வாசலுக்கு ஓட்டிப்போக, நாங்கள் கோபத்தில் ஏலக்காவோடு ஒருவரும் பேசாமல் வீட்டுக்குப் போனோம். அக்கா, அன்றைக்கு உங்களைத் தனியே விட்டுப்போனதற்கு இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். (நேரில் பேசக்கூடாது என்றீர்கள்; இது ஒன்றுதான், மன்னிக்கவும்.)

ஞாயிற்றுக்கிழமை காலை, டிரைவர் அண்ணன் மட்டும் அலுவலகத்துக்கு வந்தார். தலையில் கை வைத்துக்கொண்டு புலம்பித் தீர்த்தார். “வண்டி போனது போகட்டும் அக்கா, உள்ள எவ்வளவு சாமான் கெடக்கு! தலையணை, போர்வை, தையல்காரரோட செருப்பு வேற. அதெல்லாமும் இப்ப அந்த ஆளுக்குத்தான்.”

ஏலக்கா நிமிர்ந்தார். “என்ன சொன்னீங்க?”

“உள்ள இருக்கறதெல்லாம் அந்த ஆளுக்குத்தானேன்னு...”

முந்தைய நாளிலிருந்து ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடாதவர், அண்ணன் பயந்துபோகும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணனையும் கூட்டிக்கொண்டு பதினொரு வீட்டுக்கும் நடந்தார். “நாளைக்கு வண்டி உங்க வீட்டுக்கு வராது. நீங்கதான் வண்டிகிட்ட போகணும். பழைய இரும்புக் கடை வாசல், அஞ்சே முக்காலுக்கு. நடுக்கதவுதான் பூட்டாதே, ஏறி அவங்கவங்க சீட்டுல உக்காந்துடுங்க” என்றார்.

தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டு, “எதுக்கு?” என்று கேட்டார்.

“வண்டியை வித்துட்டேன் அண்ணே. உங்களையும் சேர்த்து.”

தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். “நல்ல விலைக்குப் போனேனா?” என்றார்.

இருந்தும் ஏலக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆற்றில் குதிக்கவில்லை. பால்காரரின் வண்டியைத் தெருமுனையில் தயாராக நிற்கச் சொல்லியிருந்தார். ஆனால் பெட்டிகளுக்கு நடுவே அதில் ஐந்து பேர்தான் உட்கார முடியும். மீதி ஆறு பேர் யார் என்ற கேள்வியோடுதான் திங்கள் காலை எதிர்க்கடையின் மூடிய ஷட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். பக்கத்தில் நின்ற டிரைவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பதினொரு பேரும் வந்தார்கள். மகன்களின் ஸ்கூட்டரிலும் மருமகளின் தோளிலுமாக வந்து, நடுக்கதவை உதைத்துத் திறந்து, அவரவர் இடத்தில் அமர்ந்தார்கள். தராசின் மனைவி வாசல் விளக்கை அணைக்க வெளியே வந்தவர், வண்டி நிறைய ஆட்களைக் கண்டு திகைத்தார். விசாரித்தார், உள்ளே போய்ப் பதினொரு டம்ளரில் டீ கொண்டுவந்தார். “அரை டம்ளர் போதும்மா. எங்களுக்குத் தண்ணி, டீ எல்லாம் அளவுதான். ஒரு நாளைக்கு மொத்தமே நாலு டம்ளர்” என்றார் தையல்காரர். அந்த அம்மா டம்ளரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கணவரை எழுப்பினார். “வெளிய வந்து பாருங்க. நீங்க வாங்கின இரும்பு டீ குடிக்குது!”

தராசு வந்தார். “யாரு நீங்கல்லாம்? எறங்குங்க, எறங்குங்க! இது என் வண்டி!”

“தெரியும் தம்பி” என்றார் தையல்காரர். “உள்ள இருக்கறதோட சேர்த்துத்தானே வாங்கினீங்க? நாங்கதான் அது.”

“விளையாடறீங்களா? எறங்குங்க!”

“எறங்கச் சொன்னா எறங்கறோம். கால் வீங்கியிருக்கு, கொஞ்சம் கை குடுங்க.”

தராசு வேறு வழியில்லாமல் அவருடைய இடது முன்கையைப் பிடித்தார். பிடித்தவர் திடுக்கிட்டு, “என்னங்க இது? தோலுக்கு அடியில வண்டு பறக்கற மாதிரி இருக்கு!” என்றார்.

“ரெண்டு ரத்தக்குழாயை ஒண்ணா தைச்சு வெச்சிருக்காங்க தம்பி, டயாலிசிஸ் ஊசி போடறதுக்காக. நாப்பது வருஷமா தைக்கறேன், இவ்வளவு நல்ல தையல் நான் போட்டதில்ல. அது ஓடற வரைக்கும் நானும் ஓடுவேன்.”

“இன்னிக்குப் போகலன்னா?”

“இன்னிக்குப் போகலன்னா மூச்சு வாங்கும். புதன்கிழமையும் போகலன்னா, அப்புறம் நீங்க வண்டியை நிம்மதியா பிரிக்கலாம். யாரும் வந்து உக்கார மாட்டோம்.”

தராசு பிடித்த கையை விடவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்; ஒட்டியிருந்த தாளைப் படித்தார்; ஒவ்வொரு சீட்டையும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். பிறகு தையல்காரரைக் கதவோரத்திலேயே மெல்ல உட்காரவைத்தார். சட்டைப்பையில் சாவியைத் தேடினார்.

தெருவைத் தாண்டி ஓடிவந்த டிரைவர் அண்ணன், “குடுங்க, நான் ஓட்டறேன்” என்றார். “என் வண்டியை நான்தான் ஓட்டுவேன். நீங்க வந்து வழி சொல்லுங்க” என்றார் தராசு. முன்சீட்டு முட்டி மடங்காதவருக்கு என்று தாளில் இருந்ததால், பதினான்கு ஆண்டு வண்டி ஓட்டிய அண்ணன் அன்று டூல்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் போனார். வண்டி முனை திரும்பியதும் ஏலக்கா ஷட்டர் படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இதைச் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீறிச் சொல்லிவிட்டோம்.

மருத்துவமனையில் நடந்ததை டிரைவர் அண்ணன் வாயால் கேட்க வேண்டும். டயாலிசிஸுக்கு முன்பும் பின்பும் ஒவ்வொருவரையும் எடை பார்ப்பார்கள். எடை இயந்திரத்தைக் கண்டதும் தராசுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல ஆகிவிட்டது. நாலு மணி நேரமும் அதன் பக்கத்திலிருந்து நகரவில்லை. “போகும்போது அறுபத்தொண்ணு, வரும்போது ஐம்பத்தெட்டே கால்! ரெண்டே முக்கால் கிலோ தண்ணியைச் சுமந்துகிட்டா இந்த மனுஷன் என்கிட்ட ஜோக் அடிச்சாரு?” என்று அங்கிருந்த எல்லோரிடமும் சொன்னாராம். போதாததற்கு, தரை சமமாக இல்லாததால் இயந்திரம் எடை குறைத்துக் காட்டுகிறது என்று நர்சிடம் வாதாடி, ஒரு பக்கத்துக்கு அட்டை மடித்துக் கொடுத்து, தாமே ஏறி நின்று சரிபார்த்துவிட்டுத்தான் வந்தாராம்.

பிற்பகல் மூன்று மணிக்குத் தராசு நம் அலுவலகத்துக்குள் நுழைந்தார். தலைவர் முகமெல்லாம் மலர, சாவியை வாங்கக் கையையே நீட்டிவிட்டார். தராசு அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. நேரே தட்டச்சுப் பொறியின் முன்னால் போய் நின்றார்.

“அக்கா, வண்டியைத் திருப்பிக் கேக்காதீங்க. தர மாட்டேன். ஏலத்துல வாங்கினது, வாங்கினதுதான்.”

ஏலக்கா தலை நிமிர்ந்தார். 

“புதன்கிழமை எத்தனை மணிக்கு?” என்றார் தராசு.

“ஆறு” என்றார் ஏலக்கா. 

வண்டி இன்றுவரை அவர் பெயரில்தான் இருக்கிறது. அதற்கு மூன்றாவது முறையாக எஞ்சின் மாற்றியவரும் அவரே. திங்கட்கிழமைகளில் அவரே ஓட்டுகிறார்; மற்ற நாட்களில் டிரைவர் அண்ணன். அதன்பின் ஏலத்துக்கு வந்த கூட்டத்தால் இரண்டாம் வண்டியும் மூன்றாம் வண்டியும் வந்தன. இன்று முப்பத்து நான்கு பேர் போய்வருகிறார்கள். தையல்காரர் இன்னும் ஒன்பது ஆண்டுகள் அந்தக் கதவோரச் சீட்டில் உட்கார்ந்து ஊர்ச் சட்டைகளையெல்லாம் குறை சொல்லிக்கொண்டே போய்வந்தார். நடுக்கதவு மட்டும் இன்னும் பூட்டுவதில்லை. சரிசெய்யத் தராசு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

அம்மையீர்! கதையைச் சொல்லி முடித்தோம். இனி உங்களை நோக்கியே பேசுகிறோம். எழுந்து போக நினைத்தால் வாசலில் தராசு நிற்கிறார், விட மாட்டார். நீங்கள் அடித்துவிட்ட ‘வள்ளலே’யை நாங்கள் மறுபடியும் எழுதிவிட்டோம், மடல் எங்களுடையது, மை எங்களுடையது, நீங்களும் எங்களுடையவர்!

நாளை முதல் நீங்கள் நினைத்த நேரம் எழுந்து, நினைத்த நேரம் உறங்கி, தொண்டைக்கு ஓய்வும் காலுக்கு நடையும் வாய்க்குச் சிரிப்புமாக நூறாண்டு வாழ வேண்டும். உங்கள் சிறுநீரகங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி போட்டு உழைக்க வேண்டும். ஒவ்வொரு திங்களும் ஆறு மணிக்கு அந்த வண்டி உங்கள் வீட்டைக் கடக்கும்போது, வாசலில் நின்று கையசைத்து அனுப்புகிறவராகவே நீங்கள் என்றென்றும் இருக்க வேண்டும். அக்கா, இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு சீட்டு எடுத்து வைத்தீர்கள். அந்த வண்டியில் உங்களுக்கென்று ஒரு சீட்டு என்றைக்கும் தேவைப்படக் கூடாது.

இவ்வாறு உளமார வேண்டி நிற்கும்,
சங்கத்தின் ஊழியர்கள், தொண்டர்கள்,
வண்டியோடு சேர்ந்த முப்பத்து நால்வர்,
வண்டியை இன்னும் திருப்பித் தராதவர்.